லைன் ஸ்டாப் சொன்ன மகாராணி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், க்ளைமாக்ஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மகாராணி நாடகத்தை நிறுத்திவிட்டாள்.

கரன்ட் போகவில்லை. மைக் சொதப்பவில்லை. வசனம் மறந்துபோகவும் இல்லை. நிறுத்தினாள் — அவ்வளவுதான். முன் வரிசையில் சால்வையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் நான். இன்றைக்கு வியாழக்கிழமை. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. கையிலிருக்கும் காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் நண்பர் சங்கரலிங்கம். திருநெல்வேலிக்காரர். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுக்க போல்ட்டையும் நட்டையும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷருக்கு உள்ளே ஒரு நாடகப் பைத்தியம் உட்கார்ந்திருந்தது. ரிட்டயர்மென்ட் ஆனதும் அது எழுந்து நின்றுவிட்டது. தன்னிடம் வேலை பார்த்த ஆபரேட்டர்களையே சேர்த்து ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார். முதல் நாடகமாக அவர் தேர்ந்தெடுத்தது எது என்று நினைக்கிறீர்கள்? 'வாயாடி அம்புஜம்'.

பெயரைச் சொன்னதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தெரியாதவர்களுக்காக: இது அந்தக் காலத்து மேடைக் காமெடி. அம்புஜம் எதிர்த்துப் பேசுகிற மனைவி. அவளை அடக்கிக் காட்டுகிறேன் என்று புருஷன் சபதம் போடுகிறான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் மணி அடிப்பான். மணி அடித்ததும் வேலைக்காரர்கள் அவளுடைய சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் பசியோடு தட்டின் பின்னாலேயே ஓடுவாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் அம்புஜம் தன் வாயைத் தானே ஒரு துணியால் கட்டிக்கொண்டு புருஷன் காலில் விழுவாள். சுபம். கைதட்டல். திரை.

எங்கள் இளமைக் காலத்தில் இந்த நாடகம் போடாத திருவிழா கிடையாது. அப்புறம் காலம் மாறியது. எங்கே போட்டாலும் சண்டை, எதிர்ப்பு, வாசலில் கோஷம். மெல்ல எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். அதைத்தான் நம்ம ஆள் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறார்.

"என்னய்யா, வம்பை விலைக்கு வாங்குறீங்களா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, அதுக்குத்தான் ஒரு ஐடியா வச்சிருக்கேன்லா," என்றார் சங்கரலிங்கம், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு. "காலத்த மாத்திட்டேன். இது இப்ப நடக்கல. முந்நூறு வருஷத்துக்கு முன்னால, மலைக்கோட்டையில ஒரு பாளையக்காரன் அரண்மனையில நடக்கு. புருஷன் ராஜா. அம்புஜம் மகாராணி. வசனத்துல ஒரு எழுத்து மாத்தல. டிரெஸ்ஸ மட்டும் மாத்திட்டேன். ராஜா காலத்துல அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டா எவன் வாயத் தொறப்பான்?"

யோசித்துப் பார்த்தேன். நம் எல்லோருடைய வழக்கமும் அதுதானே? நியாயப்படுத்த முடியாததை எல்லாம் ராஜா காலத்துக்குப் பார்சல் கட்டி அனுப்பிவிடுகிறோம். அங்கே போய் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

சரி என்று ஒத்திகை பார்க்கப் போனேன்.

அங்கேதான் முதல் அதிர்ச்சி. பழைய நாடகத்தில் வேட்டி கட்டிய புருஷன் பூஜை மணியை எடுத்து அடித்தபோது அது ஒரு வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. இங்கே சிம்மாசனத்திலிருந்து ராஜா கையை உயர்த்துகிறான். பெரிய வெண்கல மணி அதிர்கிறது. ஈட்டி பிடித்த காவலர்கள் இரண்டு பேர் வந்து ராணியின் தட்டைப் பிடுங்குகிறார்கள். அதே வசனம். அதே காமெடி. எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. இது சண்டை இல்லை, தண்டனை. அந்தக் காலத்தில் நான் பார்த்துச் சிரித்ததும் இதுதானா என்று ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன்.

ஆனால் ராஜாவின் ஒட்டு மீசை கழன்று விழுந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சிரித்தேன். அப்படித்தான் நாம்.

ராஜாவாக நடித்தவர் நாகராஜ். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். செந்தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தார். மீசை விழுந்ததுதான் தாமதம், காவலர்களில் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி மாதிரி வைத்துக்கொண்டு, "லைன் ஸ்டாப்" என்றார். உடனே எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே உறைந்து நின்றார்கள். மணி அடிக்கிறவர் கை பாதி வழியில் நின்றது. கீ-போர்டு வாசிக்கிறவர் விரலைத் தூக்கிவிட்டார்.

"இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

சங்கரலிங்கம் விளக்கினார். அவர்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஆபரேட்டர் தலைக்கு மேலேயும் ஒரு கயிறு தொங்கும். வருகிற பொருளில் ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் கயிற்றை இழுக்க வேண்டியதுதான். சிவப்பு விளக்கு எரியும், மொத்த உற்பத்தி லைனும் நின்றுவிடும். இழுத்தவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் யாரும் திட்டக் கூடாது. சூப்பர்வைசர் ஓடிவந்து, 'என்ன டிஃபெக்ட்?' என்று மட்டும்தான் கேட்க வேண்டும். இழுத்தவர் ஓகே சொல்லாமல் லைன் மறுபடி ஓடக் கூடாது.

"இங்கன கயிறு இல்ல, அதான் கைய இப்படி வச்சுக்கிடுதோம்," என்றார். "பயலுவளுக்கு ரத்தத்துல ஊறிப்போச்சு அண்ணாச்சி. தூக்கத்துல லைன் ஸ்டாப்னு சொன்னாலும் புரண்டு படுக்க மாட்டானுவோ."

மீசையை ஒட்டிக்கொண்டார்கள். நிறுத்திய காவலர் ஓகே சொன்னார். நாடகம் மறுபடி ஓடியது. எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நாடகத்தைவிட இதுவே பிரமாதம் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

என் மனைவி விஜயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எந்த நாடகம்?" என்றாள்.

"வாயாடி அம்புஜம். நம்ம கல்யாணம் ஆன புதுசுல பார்த்தோமே, ரெண்டு பேரும் சிரி சிரின்னு சிரிச்சோமே…"

"நான் சிரிச்சதை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது நம் கதாநாயகிக்கு வருவோம். மகாராணி அம்புஜமாக நடித்த பெண்ணின் பெயர் சுதா. ஊத்தங்கரை பக்கம் சாமல்பட்டி. அப்பா அம்மாவுக்கு விவசாயம். சுதா டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, அதே தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவள். கணீரென்ற குரல். மேடையில் ஏறி நின்றால் நிஜமாகவே ராணி. இறங்கினால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத பெண். நாலாவது ஒத்திகையோ ஐந்தாவதோ, டீ இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிச்சயதார்த்தம் ஆகியிருக்கிறது என்றாள். மாப்பிள்ளை பெயர் பிரகாஷ். ஊத்தங்கரைக்காரர், ஓசூரிலேயே வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை.

"நல்ல விஷயம்தானேம்மா? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய உட்டுடணுமாம் சார்."

"யார் சொன்னது? மாப்பிள்ளையா?"

"அவரு நல்லவருதான் சார். அவருக்கு ஒண்ணும் இல்லையாம். அவுங்க அம்மாதான் கண்டிசனா சொல்லிட்டாங்களாம். அம்மா மனசு நோகக் கூடாதுன்னு போன்ல சொன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னா சொல்றது சார்? எங்கூட்லயும் அதான் சொல்றாங்க. மாமியார்கிட்ட மொதல்லயே மல்லுக்கு நிக்காதன்னு." டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "லைன்ல நிக்கசொல்லதான் சார் எனக்கு நான்னு ஒரு நெனப்பு வரும். அது இல்லாம எப்படி இருக்கப்போறன்னு தெரியல. தூக்கமே வரல."

எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நானும் பெரிய மனுஷன் மாதிரி, "எல்லாம் சரியாப் போயிடும்மா," என்று சொல்லிவைத்தேன். பெரியவர்களுக்கு இதைவிட்டால் வேறு என்ன வசனம் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. பாதிப் பேர் அதே தொழிற்சாலைக்காரர்கள், குடும்பத்தோடு. பிள்ளைகள் இடைகழியில் ஓடிக்கொண்டிருந்தன. வர மாட்டேன் என்று சொன்ன விஜயாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தேன். முன் வரிசையில் எனக்கு இந்தப் பக்கம் விஜயா. அந்தப் பக்கம் மாப்பிள்ளை பிரகாஷ். அவருக்கு அந்தப் பக்கம் அவர் அம்மா ராஜம்மா. சங்கரலிங்கம்தான் அவர்களை அழைத்து வந்து மரியாதையாக உட்கார வைத்தார். ராஜம்மாவுக்கு வெயிலில் கறுத்த முகம், காய்ப்பு ஏறிய கைகள், மடியில் ஒரு மஞ்சப் பை. மருமகளை வேலைக்குப் போகவிடாத மாமியார் இவர்தானா என்று ஓரக்கண்ணால் முறைத்தேன். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லா இருக்கீங்களாங்க?" என்றார். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

திரை விலகியது. கோட்டை. சிம்மாசனம். மகாராணி சுதா.

ராணி ராஜாவை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசினாள். பின்வரிசைப் பெண்கள் விசிலடிக்காத குறை. ராஜா கை உயர்ந்தது. மணி அதிர்ந்தது. காவலர்கள் வந்து தட்டைப் பிடுங்கினார்கள். ராணி கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தட்டின் பின்னால் ஓடினாள் பாருங்கள் — மண்டபமே அதிர்ந்தது. சத்தமாகச் சிரித்ததும் பெண்கள்தான். ஒத்திகையில் எனக்கு முதுகில் ஊர்ந்தது எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிரகாஷ் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் முழங்கையை வேறு இடித்து, "செம காமெடி சார்," என்றார்.

காட்சிக்குக் காட்சி மணி அடித்தது. தட்டு போனது. சிரிப்பு ஏறியது.

கடைசிக் காட்சி. மெலிந்து, தளர்ந்து, மகாராணி வந்து நிற்கிறாள். ராஜா ஒரு பட்டுத்துணியை நீட்டுகிறான். "இனியும் பேசுவாயா?" ராணி தலையை ஆட்டிவிட்டுத் துணியை வாங்கி வாயில் கட்டிக்கொள்ள வேண்டும். சுதா துணியை வாங்கினாள். வாய்க்கு நேரே கொண்டுபோனாள்.

பிரகாஷ் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னார். "அப்படித்தான். இன்னும் நல்லா இறுக்கிக் கட்டு."

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

சுதா துணியைக் கீழே இறக்கினாள். அதை மடித்து சிம்மாசனத்தின் கையில் வைத்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போட்டாள்.

"லைன் ஸ்டாப்."

ராஜா உறைந்தார். காவலர்கள் உறைந்தார்கள். கீ-போர்டு நின்றது. திரை இழுக்கக் கயிற்றைப் பிடித்திருந்தவர் சிலையாகிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை… ஆடியன்ஸில் பாதிப்பேர் அதே தொழிற்சாலை ஆட்கள் என்று சொன்னேன் இல்லையா? அத்தனை பேர் சிரிப்பும் ஸ்விட்ச் போட்ட மாதிரி நின்றது. வசனத்தை மறந்துவிட்டாளோ? உடம்புக்கு ஏதாவதோ?

சங்கரலிங்கம் ஸ்கிரிப்ட்டோடு ஓடிவந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. ஆனால் அத்தனை வருஷப் பழக்கம் விடுமா? திட்டவில்லை. "என்ன டிஃபெக்ட்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே திகைத்து நின்றார்.

"முன்வரிசையில சார்," என்றாள் சுதா.

மேடை விளிம்புக்கு வந்து நின்றாள். தலையில் கிரீடம் அப்படியே இருந்தது. பிரகாஷைப் பார்த்து, அதே கணீர்க் குரலில், மரியாதை குறையாமல் கேட்டாள். "தட்டப் புடுங்குனப்ப சிரிச்சீங்க. வாயக் கட்டறப்பவும் சிரிச்சீங்க. எதுக்கு சிரிச்சீங்கன்னு சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

பிரகாஷுக்கு வேர்த்துவிட்டது. "ஏய்… நாடகம்தான? நாடகத்துக்குத்தான சிரிச்சேன்."

"நானும் நாடகத்துலதான் நின்னுகினு கேக்கறேன். பதில் சொல்லுங்க."

பிரகாஷ் என்ன செய்தார் தெரியுமா? திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

ராஜம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தார். "என்னெ ஏன்டா பாக்கற? அந்தப் பொண்ணு கேட்டது உன்ன," என்றார்.

"வேலைய உடச்சொன்னதும் உங்களக் காட்டித்தான் அத்த சொன்னாரு," என்றாள் மேடையிலிருந்து சுதா. "நீங்க கண்டிசனா சொல்லிட்டீங்களாமே."

"நானா?"

இந்த ஒரு வார்த்தையை ராஜம்மா சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆனால் என் காதில் அந்த வெண்கல மணியைவிடப் பெரிதாக விழுந்தது.

"நான் எப்ப சொன்னேன்? பொழுது விடிஞ்சா களையெடுக்கப் போறவ நானு. உங்க மாமா போனதுக்கப்புறம் இந்தக் கைய வச்சுத்தான் இவன டிப்ளமோ படிக்க வச்சேன். பொண்ணு வேலைக்குப் போவுதான்னுதானம்மா மொத நாளே தரகர்கிட்ட கேட்டேன்." மகன் பக்கம் திரும்பினார். "எம்பேர்ல நீயே சொல்லிகினியா?"

பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐயா, நான் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு க்ளைமாக்ஸ் பார்த்ததில்லை. மனுஷன் தன் ஆசையை அம்மா வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கே தெரியாமல். இயக்குநர் சங்கரலிங்கமோ தன் காமெடியை ராஜா காலத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? 'நான் சொல்லலை, அந்தக் காலத்துல அப்படி.' 'நான் சொல்லலை, எங்க அம்மா சொல்றாங்க.' நமக்கு வேண்டியதை நம் பேரில் சொல்ல ஏன் இவ்வளவு பயம்?

சங்கரலிங்கம் தொண்டையைக் கனைத்தார். விதிப்படி கேட்டாக வேண்டுமே. "ரீஸ்டார்ட் பண்ணலாமாம்மா?"

"டிஃபெக்ட் எங்கன்னு தெரிஞ்சிடுச்சு சார். இன்னும் சரியாகல," என்றாள் சுதா. கிரீடத்தைக் கழற்றி நாகராஜ் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாகராஜ் தலையில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு கிரீடத்தோடு நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஓகே சொல்லவில்லை. அதனால் நாடகம் ஓடவில்லை. திரைகூடப் போடவில்லை. ஜனங்கள் மெல்ல எழுந்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். நான் பேசத் தயாரித்து வைத்திருந்த பாராட்டுரை என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. நல்லவேளை. அதில் 'காலத்தைக் கடந்த நகைச்சுவை' என்று ஒரு வரி இருந்தது.

கிளம்பும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுதா மேக்கப்போடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ராஜம்மா பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "பத்திரிகை அடிக்க வேணாம்மா. நீ யோசி. ஆவும்னாலும் சரி, ஆவாதுன்னாலும் சரி, நீயே சொல்லு. அவன் மூலியமா வேணாம், எனக்கு நேரா சொல்லு," என்றார். பிரகாஷ் வெளியே பைக் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரைத் தாண்டிப் போய்க் காரில் ஏறிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு சுதா போய்விட்டாளாம். சங்கரலிங்கம் போனில் சொன்னார். இன்னும் யாருக்கும் பதில் சொல்லவில்லையாம். சங்கரலிங்கமும் மணியையும் சிம்மாசனத்தையும் வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "காலத்த மாத்துனா போதும்னு நெனச்சேன் அண்ணாச்சி," என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் ஆறின காபியோடு உட்கார்ந்திருக்கப்போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு விளக்கு. அப்போதுதான் விஜயா கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, நானும் யார் பேரிலோ சொல்கிறேன் என்று. விஜயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. தட்டை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் நாலு நாளாக எங்கள் வீட்டில் லைன் ஓடவில்லை.